கடலே இல்லாத சேலத்தில் கடல் மீன் வளர்க்கலாமா? 'நீமோ' வாங்கும் முன் இதைப் படிங்க!

சேலம், நாமக்கல் பக்கம் கடல் கிடையாது. எந்தத் திசையில் பஸ் ஏறினாலும் அலையைப் பார்க்க பல மணி நேரம் ஆகும். ஆனால் 2003-ம் ஆண்டு வெளிவந்த 'பைண்டிங் நீமோ' படத்தை டி.வி.யில் பார்த்து விட்டு, "அப்பா, அந்த ஆரஞ்சு மீன் வேணும்" என்று அடம் பிடிக்கும் பிள்ளைகள் இங்கும் உண்டு.

பிள்ளை கேட்டு விட்டதே என்று பலரும் செய்வது என்ன? ஏற்கனவே தங்கமீன் இருந்த தொட்டியைக் கழுவி, கல் உப்பைக் கரைத்து, கடல் மீனை விட்டு விடுகிறார்கள். சில நாட்களில் மீன் மிதக்கிறது. வீட்டில் அழுகை. கொடுத்த காசும் தண்ணீரோடு போச்சு.

கடல் மீன் வளர்ப்பது பணக்காரர்களின் வேலை என்று சொல்வார்கள். அது முழு உண்மை அல்ல. ஆனால் நன்னீர் மீனை விட செலவும் பொறுமையும் அதிகம் வேண்டும் என்பது உண்மை. எதில் செலவு செய்யணும், எதில் ஏமாறக் கூடாது என்பதைப் பார்ப்போம்.

சமையல் உப்பு ஏன் ஆகாது?

உப்புக்கும் சேலத்துக்கும் பழைய உறவு உண்டு. 1917-ல் சேலம் நகராட்சித் தலைவரான ராஜாஜிதான் 1930-ல் திருச்சியில் இருந்து வேதாரண்யத்துக்கு உப்பு யாத்திரை நடத்தினார். ஆனால் அந்த வேதாரண்யம் உப்போ, தூத்துக்குடி உப்போ மீன் தொட்டிக்கு உதவாது!

காரணம் இதுதான். ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதில் பெரும் பகுதி சாப்பாட்டு உப்பு. மீதியில் சுமார் 1.3 கிராம் மக்னீசியம், 0.4 கிராம் கால்சியம், இன்னும் பொட்டாசியம், சல்பேட் என்று பலதும் இருக்கின்றன. உப்பளத்தில் உப்பைப் பிரித்து எடுக்கும்போது இவை பெரும்பாலும் தனியே போய் விடும். நம்ம ஊர் சுண்ணாம்புக் கரட்டில் வெள்ளைக் கல்லாகக் கிடக்கும் மேக்னசைட்டில் இருப்பதும் இதே மக்னீசியம்தான். இந்தச் சரக்கு எல்லாம் சரியான அளவில் இருந்தால்தான் அது கடல் நீர்.

எனவே மீன் கடைகளில் 'மரைன் சால்ட்' என்று தனியாக விற்பதைத்தான் வாங்க வேண்டும். ஒரு லிட்டருக்கு 35 முதல் 40 கிராம் வரை ஆகும். 100 லிட்டர் தொட்டிக்கு முதல் தடவை 4 கிலோ வரை தேவைப்படும்.

மீன் உடம்புக்குள் நடப்பது என்ன?

மேட்டூர் அணையில் பிடிபடும் கட்லாவை உப்பு நீரில் விட்டால் செத்து விடும். கடல் மீனை காவிரித் தண்ணீரில் விட்டாலும் அதே கதிதான். ஏன் தெரியுமா?

நன்னீர் மீனின் உடம்பில் உள்ள உப்பு, வெளித் தண்ணீரை விட அதிகம். அதனால் தண்ணீர் தானாக உடம்புக்குள் ஏறும். அதை வெளியேற்றுவதே அதன் வேலை. கடல் மீனுக்கு நேர் எதிர். வெளியே உப்பு அதிகம் என்பதால் உடம்பில் உள்ள தண்ணீர் வெளியே போய்க் கொண்டே இருக்கும். அதை ஈடு கட்ட கடல் நீரைக் குடித்து, அதிகப்படி உப்பை செவுள் வழியாக வெளியேற்றும்.

தொட்டியில் உப்பு திடீரென்று ஏறினாலும் இறங்கினாலும் இந்தக் கணக்கு கெட்டு மீன் திணறிப் போகும். உப்பின் அளவைப் பார்க்க ஹைட்ரோமீட்டர் அல்லது ரிஃப்ராக்டோமீட்டர் கட்டாயம் வாங்கணும். ஹைட்ரோமீட்டரில் 1.023 முதல் 1.026-க்குள் நிற்க வேண்டும். நாக்கில் வைத்து ருசி பார்த்து அளவு சொல்லும் வேலை இங்கே நடக்காது.

எவ்வளவு பெரிய தொட்டி?

சின்னத் தொட்டி என்றால் செலவு குறையும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. தண்ணீர் குறைவாக இருந்தால் சூடும் உப்பும் அழுக்கும் சட்டென்று மாறும். புதியவர்களுக்கு 100 லிட்டருக்குக் குறையாத தொட்டிதான் பாதுகாப்பு.

3 அடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம் உள்ள தொட்டியில் விளிம்பு வரை சுமார் 130 லிட்டர் பிடிக்கும். மேலே விடும் காலியிடம், அடியில் போடும் மணல் போக 100 முதல் 110 லிட்டர் நிற்கும்.

தண்ணீர், கண்ணாடி, மணல் எல்லாம் சேர்த்தால் எடை 150 கிலோ வரை வரும். அதாவது 50 கிலோ அரிசி மூட்டை மூன்றை அடுக்கி வைத்த மாதிரி! டி.வி. ஸ்டாண்டு மேலோ, ஆடுகிற மர மேஜை மேலோ வைக்காதீங்க. உறுதியான ஸ்டாண்டு வேணும். இரும்பு ஸ்டாண்டு என்றால் நல்ல பெயிண்ட் அடித்து வைக்கணும், உப்புநீர் பட்டால் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

வாஸ்து பார்த்து மூலை தேடுபவர்கள் இதையும் பாருங்கள். ஜன்னல் வெயில் நேராக விழக் கூடாது. அடுப்படி பக்கம் வேண்டாம். சுவிட்ச் போர்டு தொட்டிக்கு நேர் கீழே இருக்கவே கூடாது.

தண்ணீர் எங்கே எடுப்பது?

நம்ம பக்கம் போர் தண்ணீர் பல இடங்களில் கடின நீர். குழாயில் வரும் காவிரித் தண்ணீரில் குளோரின் இருக்கும். இரண்டுமே நேரடியாக ஆகாது. ஆர்.ஓ. தண்ணீர்தான் நல்லது. 20 லிட்டர் கேன் 5 அல்லது 6 வாங்கினால் முதல் தடவைக்குப் போதும்.

தண்ணீரில் உப்பைக் கலப்பதற்கு தனியாக ஒரு பிளாஸ்டிக் டிரம் வையுங்கள். சோப்பு பட்ட வாளி வேண்டாம். செம்புக் குடம், பித்தளை அண்டா கண்டிப்பாக வேண்டாம். செம்பு கொஞ்சம் கரைந்தாலே நத்தை, இறால் போன்றவை செத்துப் போகும். டிரம்மில் சின்ன பம்ப் போட்டு ஒரு நாள் முழுக்கச் சுற்ற விட்டு, அளவு பார்த்து, பிறகுதான் தொட்டியில் ஊற்ற வேண்டும். மீன் இருக்கும் தொட்டியில் உப்பை நேராகக் கொட்டவே கூடாது.

"நாமக்கல் லாரி தூத்துக்குடி போகுதே, கேனில் கடல் தண்ணியே கொண்டு வரலாமே?" என்று சிலர் கேட்கலாம். கரையோரத் தண்ணீரில் சாக்கடை, எண்ணெய், நோய்க் கிருமி எல்லாம் இருக்கலாம். மூடிய கேனில் வெயிலில் வரும்போது அதில் உள்ள நுண்ணுயிர்கள் செத்து நாறவும் செய்யும். புதியவர்களுக்கு அது சரிப்படாது.

கோழிப் பண்ணை சொல்லும் பாடம்

எல்லாம் ரெடி, மீன் வாங்கலாமா? கூடாது! இங்கேதான் பெரும்பாலானவர்கள் தோற்கிறார்கள்.

நாமக்கல் கோழிப் பண்ணை பக்கம் போனவர்களுக்கு கண்ணை எரிக்கும் ஒரு நெடி தெரியும். எச்சத்தில் இருந்து கிளம்பும் அமோனியா அது. மீன் கழிவில் இருந்தும், மிச்சத் தீனியில் இருந்தும் அதே அமோனியாதான் வருகிறது. கோழிக்காவது காற்று வந்து கொண்டு போகும். மீன் அந்தத் தண்ணீரிலேயே மூச்சு விட வேண்டும். அதிலும் கடல் நீரின் பி.எச். 8.1 முதல் 8.4 வரை இருப்பதால், அதே அளவு அமோனியா அங்கே கூடுதல் விஷமாகிறது.

இதற்கு மருந்து, கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாதான். ஒரு வகை அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை, விஷம் குறைந்த நைட்ரேட்டாக மாற்றும். இந்த இரண்டும் மணலிலும் கல்லிலும் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும்.

என்ன செய்யணும்? தொட்டியில் உப்பு நீர், மணல், கல் எல்லாம் போட்டு பம்பை ஓட விடுங்கள். மீன் மார்க்கெட்டில் ஒரு பச்சை இறால் வாங்கி உள்ளே போடுங்கள். அது அழுகி அமோனியா வரும். அதைத் தின்ன பாக்டீரியா பெருகும். கடையில் கிடைக்கும் டெஸ்ட் கிட்டில் வாரம் இரண்டு முறை பாருங்கள். முதலில் அமோனியா ஏறும். அது இறங்கும்போது நைட்ரைட் ஏறும். கடைசியில் இரண்டும் பூஜ்ஜியம் காட்டும். அப்போது கால்வாசித் தண்ணீரை மாற்றி விட்டு, முதல் மீனை விடலாம்.

ஒன்றரை மாதம் வெறும் தொட்டியைப் பார்த்துக் கொண்டிருப்பது கஷ்டம்தான். பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லி விடுங்கள். டெஸ்ட் பார்க்கும் வேலையை அவர்களிடமே கொடுத்தால் அவர்களுக்கும் பொழுது போகும்.

பவளக் கல் வேண்டாம், ஜெயில் நிச்சயம்!

வெளிநாட்டு வீடியோக்களில் தொட்டி நிறைய பவளப்பாறை வைத்திருப்பார்கள். அதைப் பார்த்து இங்கே யாராவது "ராமேஸ்வரம் கல்" தருகிறேன் என்றால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பி விடுங்கள்.

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. பவளப்பாறை, கடல் குதிரை, கடல் அட்டை ஆகியவை 2001-ல் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. முதல் அட்டவணையில் உள்ள உயிரினம் தொடர்பான குற்றம் என்றால் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை. 'செத்த கல்தானே' என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

பாக்டீரியா குடியேற பவளக் கல்தான் வேணும் என்றில்லை. ஓட்டைகள் நிறைந்த செயற்கைக் கல், பீங்கான் வளையம் போதும். அடியில் போட கிளிஞ்சல் மணல் போடலாம். முட்டைக் கோழித் தீவனத்தில் கால்சியத்துக்காகக் கலக்கிறார்களே, அதே கிளிஞ்சல் வகைதான். மெல்லக் கரைந்து பி.எச். இறங்காமல் பிடித்துக் கொள்ள உதவும்.

எந்த மீன் வாங்கலாம்?

புதியவர்களுக்கு ஏற்றது நீமோ என்கிற கோமாளி மீன்தான். இது கடலில் பிடித்ததாக இல்லாமல் பண்ணையில் பொரித்ததாக இருந்தால் இன்னும் நல்லது. தொட்டியில் பிறந்து, தொட்டித் தீனி தின்று வளர்ந்தது என்பதால் தாக்குப் பிடிக்கும்.

இந்த மீனைக் குஞ்சு பொரிக்க வைக்கும் தொழில்நுட்பம் நம்ம தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழக கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன் குஞ்சு உற்பத்தியில் பெயர் பெற்றவை. எனவே கடைக்காரரிடம், "பண்ணை மீனா, கடல் மீனா?" என்று தயங்காமல் கேளுங்கள்.

ஒரு ருசிகரத் தகவல்: கோமாளி மீன்கள் எல்லாம் முதலில் ஆண்தான்! கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். அது செத்தால் அடுத்த பெரிய ஆண் பெண்ணாக மாறி விடும். எனவே சிறுசாக இரண்டு வாங்கி விட்டால் ஜோடி தானாக அமையும்.

படத்தில் வரும் நீல நிற 'டோரி' மீன் வேண்டாம். அது பெரிதாக வளரும், நீந்த நீண்ட இடம் வேணும். சிங்க மீனின் முள்ளில் விஷம் உண்டு, பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு ஆகாது. டாம்செல் மீன் சாகாமல் நிற்கும், ஆனால் மற்ற மீன்களைக் கடித்து விரட்டும்.

வாங்கும்போது கடையிலேயே தீனி போடச் சொல்லிப் பாருங்கள். தின்னாத மீனை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீங்க. உடம்பில் உப்புத் தூள் தூவிய மாதிரி வெள்ளைப் புள்ளி இருந்தால், அந்தத் தொட்டியில் எந்த மீனும் வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் பையோடு 15, 20 நிமிடம் தொட்டியில் மிதக்க விடுங்கள். பிறகு தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு மணி நேரம் பைக்குள் சேர்த்து, மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீரை உள்ளே ஊற்றாதீங்க.

100 லிட்டரில் இரண்டு கோமாளி மீனோடு தொடங்கினால் போதும். அடுத்த மீன், ஒரு மாதம் கழித்து.

சேலம் வெயில்தான் பெரிய எதிரி

குளிர் நாடுகளில் கடல் மீனுக்கு ஹீட்டர் போடுகிறார்கள். நமக்குத் தலைவலி நேர் எதிர். தொட்டி நீர் 25 முதல் 28 டிகிரி வரை இருப்பது நல்லது. சித்திரை, வைகாசியில் வெளியே 40 டிகிரியை எட்டும்போது, தார்சு வீட்டுக்குள் தொட்டி நீர் 30-ஐத் தாண்டி விடும்.

சூடு ஏறினால் கடலே தாங்காது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் நீர் சூடானதில் மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகள் வெளுத்துப் போயின. சூடான நீரில் ஆக்சிஜன் குறையும். உப்பு நீரில் நன்னீரை விட இன்னும் குறைவு.

மலிவான வழி உண்டு. தொட்டி மூடியைத் திறந்து வலை போட்டு, சின்ன மின்விசிறியை நீர்ப் பரப்பில் வீசும்படி வையுங்கள். 2 டிகிரிக்கு மேல் கூட இறங்கும். மிகவும் சூடான நாளில், மூடி இறுக்கிய பாட்டிலில் ஐஸ் கட்டி மிதக்க விடலாம். ஐஸை நேராகப் போடக் கூடாது.

ஆனால் விசிறி போட்டால் தண்ணீர் வேகமாக வற்றும். வற்றுவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே தங்கி விடும். எனவே குறைந்த அளவுக்கு வெறும் ஆர்.ஓ. தண்ணீரை தினமும் ஊற்றுங்கள். இங்கே உப்பு நீர் ஊற்றினால் உப்பு ஏறிக் கொண்டே போகும். கண்ணாடியில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்தால் வேலை சுலபம்.

கரண்ட் பில் எவ்வளவு ஏறும்?

இரவு பகல் ஓடும் பவர்ஹெட் பம்ப்பும், அழுக்கை நுரையாகப் பிரித்து எடுக்கும் புரோட்டின் ஸ்கிம்மரும் சேர்ந்து 25 வாட்ஸ் என்று வைத்துக் கொள்வோம். 60 நாளைக்கு 36 யூனிட். 20 வாட்ஸ் எல்.இ.டி. விளக்கு தினம் 8 மணி நேரம் எரிந்தால் 10 யூனிட். ஆக 46 யூனிட்.

தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வைத்தால் கதையே வேறு. 200 வாட்ஸ் சில்லர் தினம் 8 மணி நேரம் ஓடினாலே 60 நாளைக்கு 96 யூனிட். மொத்தம் 142 யூனிட் கூடுதலாகும்போது பில் அடுத்த ஸ்லாப்புக்குத் தாவி விடும். அதனால் முதலில் விசிறியில் சமாளிக்க முடிகிறதா என்று பாருங்கள். கோமாளி மீனுக்கு அது பெரும்பாலும் போதும்.

கரண்ட் போனால் பம்ப் நிற்கும். பம்ப் நின்றால் மீனுக்கு மூச்சு முட்டும். பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்றை வாங்கி வைப்பது மிக அவசியம். இன்வெர்ட்டர் இருந்தால் பம்பை மட்டும் அதில் கொடுங்கள்.

ஷாக் அடிக்கும், கவனம்!

உப்பு நீரில் மின்சாரம் நன்றாகப் பாயும். தொட்டியில் கை விடும் முன் எல்லா பிளக்கையும் பிடுங்குங்கள். வயர் பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்து மேலே ஏறும்படி இருக்கட்டும். அப்போதுதான் வயர் வழியாக வழியும் நீர் கீழே சொட்டும், பிளக்குக்குள் போகாது. கசிவு ஏற்பட்டால் கரண்டை நிறுத்தும் ஆர்.சி.சி.பி. கருவியை எலக்ட்ரீஷியனை வைத்து மாட்டி விடுங்கள். மீனை விட பிள்ளை முக்கியம்.

கொசு மருந்து ஸ்பிரே அடிக்கும் பழக்கம் இருந்தால் தொட்டி அறையில் நிறுத்துங்கள். காற்று பம்ப் அதை இழுத்து தண்ணீருக்குள் விட்டு விடும்.

வாரா வாரம் என்ன வேலை?

* தினமும்: சூடு பார்ப்பது, வற்றிய தண்ணீர் ஊற்றுவது, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு தீனி. பொரி, பிரட், சாதம் போடவே கூடாது.

* வாரம் ஒரு முறை: 10 லிட்டர் பழைய நீரை எடுத்து, முதல் நாளே கலந்து வைத்த 10 லிட்டர் புது உப்பு நீரை ஊற்றுவது. உப்பு அளவு பார்ப்பது. கண்ணாடியில் படிந்த பாசியைத் துடைப்பது.

* எடுத்த பழைய நீரை செடிக்கோ கிணற்று ஓரத்திலோ ஊற்றாதீங்க. மண் உப்பாகி செடி கருகும். சாக்கடையில் விடுங்கள்.

* ஊருக்குப் போகும்போது: தினமும் தண்ணீர் ஊற்ற ஒருவரைச் சொல்லி வையுங்கள். ஒரு வேளைத் தீனியை மட்டும் சின்னப் பொட்டலமாக மடித்துக் கொடுங்கள். டப்பாவையே கொடுத்தால் பாசத்தில் கொட்டி விடுவார்கள்!

கடைசியாக ஒரு வார்த்தை...

இவ்வளவும் முடியுமா என்று யோசனையாக இருக்கிறதா? தப்பே இல்லை. ஆறு மாதம் நன்னீர் மீனை சாகாமல் வளர்த்துப் பாருங்கள். தண்ணீர் மாற்றுவதும், அளவாகத் தீனி போடுவதும் கைக்குப் பழகி விடும். அதன் பிறகு கடல் மீனுக்கு வரலாம்.

மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் குடும்பத்தோடு போகும்போது, மண்டபம் ஆராய்ச்சி நிலையத்தில் உள்ள கடல் மீன் காட்சியகத்தை பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். எந்த மீன் எவ்வளவு பெரிதாகும் என்பதை நேரில் பார்த்தால், கடையில் எதைக் கேட்கணும் என்பது அவர்களுக்கே தெரிந்து விடும்.

மீனை ஒரே நாளில் வாங்கி விடலாம். தண்ணீரைத் தயார் செய்யத்தான் ஒன்றரை மாதம் வேண்டும். அந்த ஒன்றரை மாதம் காத்திருக்கும் வீட்டில், பண்ணைக் கோமாளி மீன் பத்து வருடம் கூட வாழும்!